வெள்ளை ஏன் ரோஸ் ஆனது? டபுள் நெட் ஷார்ட்ஸில் நாலு கலர் அடித்த வாசகிக்குப் பதில்

திருப்பூரை ஒட்டிய ஓர் ஊரில் சின்னதாக பிரிண்டிங் பட்டறை நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அப்பா 20 வருடம் காட்டன் பனியனில் பிரிண்ட் அடித்தவர். முழங்கால் வலியில் அவர் உட்கார்ந்துவிட, இரண்டு வருடமாக மகள்தான் பட்டறையைப் பார்க்கிறார். தெரிந்த பார்ட்டி ஒருவர் 600 கூடைப்பந்து ஷார்ட்ஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மெரூன் கலர் பாலியஸ்டர், இரண்டு அடுக்கு நெட் துணி, முழுசாகத் தைத்து முடித்தது. இடது காலில் ஒரு புலி முகச் சின்னம்: வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, கறுப்பு என்று நாலு கலர். கன்னத்தில் ஷேடு, கீழே பொடி எழுத்தில் ஸ்பான்சர் பெயர். பீஸுக்கு 32 ரூபாய் கூலி. சாம்பிள் ஒன்று அடித்துக் காட்டி, அன்று மாலையே பார்ட்டி ஓகே சொல்லிவிட்டார்.

150 பீஸ் அடித்து, 25, 25-ஆகக் கட்டி அனுப்பியிருக்கிறார். நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது. நாற்பது பீஸில் மேல் துணியும் உள் துணியும் மையால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புலியின் கண்ணில் மஞ்சள் விலகி நிற்கிறது. பார்ட்டி ஷார்ட்ஸுக்கு 240 ரூபாய் வீதம் 36,000 ரூபாய் டெபிட் போடுவேன், அதாவது நஷ்டமாகப் பிடித்துக்கொள்வேன் என்கிறார். மீதி 450 பீஸ் பட்டறையில் கிடக்கிறது. “மை டூப்ளிகேட்டா? ஹீட் பத்தவில்லையா? அப்பா இன்னும் அழுத்திப் போட்டால் ஓட்டை அடைந்துவிடும் என்கிறார். இனி ஃபிலிமில் அச்சடித்துத் துணியில் சூடாக அழுத்தி ஒட்டும் டிடிஎஃப்-க்கே போய்விடலாமா? 36,000-ஐ ஒத்துக்கொள்ள வேண்டியதுதானா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மீதி 450 பீஸில் கை வைக்காதீர்கள். பார்ட்டி அவசரப்படுத்தினாலும் மூன்று நாள் கேளுங்கள். ஏன் மூன்று நாள் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். “முதல் கட்டில் மை சரியாகப் பிடிக்காத மாதிரி இருந்தது, அதனால் மையை வேகவைக்கும் க்யூரிங் மெஷினில் 160-லிருந்து 175-க்கு ஏற்றினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டனில் உங்கள் அப்பாவிடம் கற்ற பழக்கம் அது. காட்டனில் தப்பே இல்லை. பிளாஸ்டிசால் மை முழுசாக வேக 160 டிகிரி வேண்டும், பத்து டிகிரி கூடினாலும் காட்டன் தாங்கும். பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றும் விதமே வேறு. அதில் போடுவது டிஸ்பர்ஸ் சாயம். சூடு ஏறினால் அது ஆவியாகி நூலை விட்டுக் கிளம்பும். சப்ளிமேஷன் பிரிண்ட் என்ற தொழிலே இந்தக் குணத்தை வைத்துத்தான் நடக்கிறது. சில சாயங்கள் 130, 140 டிகிரியைத் தாண்டினாலே நகர ஆரம்பித்துவிடும். மெரூன், சிவப்பு, நேவி ப்ளூ இவை மூன்றும் அதிகம் படுத்துபவை. கிளம்பிய சாயம் மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் போய் உட்காருகிறது. பிளாஸ்டிசாலில் இருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருள் அதை நன்றாகவே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளை ரோஸ் ஆனது. மை டூப்ளிகேட் இல்லை. ஹீட் குறைவாகவும் இல்லை. அதிகமாகப் போய்விட்டது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். பார்ட்டியிடம் திரும்பி வந்த கட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கட்டின் நடுவில் இருந்த பீஸ்களில் ரோஸ் அதிகமாகவும், மேலும் கீழும் இருந்தவற்றில் குறைவாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். மெஷினிலிருந்து சூடாக வந்ததை அப்படியே 25 பீஸாகக் கட்டினால் நடுவில் இருக்கும் சூடு மணிக்கணக்கில் இறங்காது. அந்த நேரமெல்லாம் சாயம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். சாம்பிள் அன்று மாலை நன்றாகத் தெரிந்ததும் இதனால்தான். ஒற்றைப் பீஸ், உடனே ஆறிவிட்டது, சாயம் மேலே வர நாள் ஆகும் என்பதால் யார் கண்ணுக்கும் படவில்லை.

ஓட்டையை அடைக்க வேண்டாம்

அப்பா மேல் மரியாதையோடு சொல்கிறேன், அழுத்திப் போடுவதால்தான் நாற்பது பீஸ் ஒட்டியது. நெட் துணியில் ஓட்டையை மையால் அடைக்க முடியாது. மை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை அழுத்த அழுத்த மை ஓட்டை வழியே இறங்கி உள் அடுக்கில் சொட்டு சொட்டாக விழும். க்யூரிங்கில் அந்தச் சொட்டு வெந்து இரண்டு துணியையும் பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்படியே அடைந்தாலும் நல்லதில்லை. விளையாடுகிற பையனின் தொடையில் காற்றுப் புகாத ஒரு ரப்பர் தட்டு ஒட்டியிருக்கும். அதற்காகவா நெட் துணி வாங்குகிறார்கள்?

மை நூலின் மேல் உட்கார்ந்தால் போதும். ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் கண் தானாகவே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் அதற்கு டிசைன் இடம் கொடுக்க வேண்டும். உங்கள் புலி இடம் கொடுக்கவில்லை.

கன்னத்து ஷேடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷேடைப் பொடிப் புள்ளிகளாக்கி, இன்ச்சுக்கு 45 வரி என்று ஃபிலிம் எடுத்திருக்கிறீர்கள். அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நீங்கள் அனுப்பிய படத்தில் ஸ்கேல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. துணி ஓட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கிறது. ஓட்டைக்கு மேல் விழும் இரண்டு மூன்று வரிசைப் புள்ளிகள் அப்படியே காணாமல் போகும். புலிக்குக் கன்னத்தில் சொறி பிடித்த மாதிரி தெரிவது அதனால்தான். ஸ்பான்சர் பெயரும் அதே கதை. எழுத்தின் கோடு ஓட்டையை விட மெல்லியதாக இருந்தால் ‘ஈ’ எது ‘எஃப்’ எது என்று தெரியாது.

மஞ்சள் விலகியதற்கு மூன்று காரணம் சேர்ந்திருக்கிறது. இரண்டு அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிறது. பலகையில் ஒட்டியிருப்பது கீழ் அடுக்கு, நீங்கள் அடிப்பது மேல் அடுக்கு. அப்புறம் வெள்ளைக்கு ஃப்ளாஷ் கொடுத்ததும், அதாவது அடுத்த கலருக்கு முன் மேலிருந்து சூடு காட்டி மையைக் காயவைத்ததும், பாலியஸ்டர் ஒரு மயிரிழை சுருங்குகிறது. மூன்றாவது இடுப்பு எலாஸ்டிக். அது பலகை மேல் ஏறி உட்கார்ந்தால் துணியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

மீதி 450 பீஸை எப்படிக் காப்பாற்றுவது

உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. உள் அடுக்கு இடுப்பில் மட்டும் சேர்த்துத் தைத்திருக்கிறது, கால் அடியில் தனியாகத் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடியிலும் சேர்த்துத் தைத்திருந்தால் இந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கால் அகலத்துக்கு ஒரு மெல்லிய பலகை வெட்டி, ஃபியூசிங் மெஷினில் போடும் டெஃப்லான் ஷீட்டை அதன் மேல் சுற்றி ஒட்டுங்கள். கால் வழியாக இரண்டு அடுக்குக்கும் நடுவில் அதை நுழையுங்கள். இப்போது நீங்கள் அடிப்பது ஒற்றை நெட்டில்தான். டெஃப்லான் மேல் லேசாகப் பசை தடவி மேல் அடுக்கை ஒட்டுங்கள். ஓட்டை வழியே இறங்கும் மை டெஃப்லானில்தான் விழும். ஒவ்வொரு பீஸுக்கும் துணியால் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பீஸின் பின்பக்கம் கறை ஏறும். இடுப்புப் பட்டி பலகைக்கு வெளியே தொங்கட்டும். பீஸுக்கு அரை நிமிடம் கூட ஆகும். அதற்காக இதைத் தவிர்க்காதீர்கள். அடித்ததைப் பலகையிலிருந்து எடுத்து மெஷினுக்குக் கொண்டுபோகும்போது மேல் அடுக்கு உள் அடுக்கில் படாமல் நடுவில் ஒரு டெஃப்லான் துண்டையோ சிலிக்கான் பேப்பரையோ வைத்தே பெல்ட்டில் போடுங்கள். வெளியே வந்ததும் சூடு ஆறுவதற்குள் கையை விட்டு அடுக்குகளைப் பிரித்துவிடுங்கள்.

மை அடிக்கும் முன் ஒவ்வொரு பீஸுக்கும் ஃப்ளாஷில் வெறும் சூடு காட்டுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். முதல் அடி வெள்ளை வேண்டாம். பாலியஸ்டருக்கென்றே கரி கலந்த சாம்பல் நிற பிளாக்கர் பேஸ் கிடைக்கிறது, சாயத்தைத் தடுத்து நிறுத்துவது அதுதான். அதை முதலில் போட்டு, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு ஃப்ளாஷ் கொடுத்து, அதன் மேல் வெள்ளை. பேஸுக்கு சென்டிமீட்டருக்கு 43 நூல் ஸ்கிரீன், மேல் கலர்களுக்கு 61. ஸ்குவீஜி கொஞ்சம் கடினமானதாக, விளிம்பு கூராக இருக்கட்டும். ஒரே இழுப்பு, வேகமாக. திரும்பத் திரும்ப இழுத்தால் மை கீழே இறங்கத்தான் செய்யும்.

மையை மாற்றியே ஆக வேண்டும். 130, 135 டிகிரியில் வேகும் லோ க்யூர் மை வாங்குங்கள். பேஸ் ஒரு கம்பெனி, வெள்ளை ஒரு கம்பெனி என்று கலக்காதீர்கள். அப்புறம் மெஷின் டயலை நம்பாதீர்கள். டயல் காட்டுவது மெஷினுக்குள் இருக்கும் சூட்டை, துணி மேல் இருப்பதை இல்லை. ஒட்டி அனுப்பினால் நிறம் மாறி டிகிரி காட்டும் தெர்மோ ஸ்டிரிப் கிடைக்கும். பிரிண்ட் பக்கத்தில் ஒட்டி ஒரு பீஸை பெல்ட்டில் விட்டுப் பாருங்கள். அதைப் பார்த்துச் சூட்டையும் பெல்ட் வேகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்ததா என்று அறிய ஆறிய பிரிண்டை இழுத்துப் பாருங்கள், வெடிக்கக் கூடாது. வெடித்தால் பெல்ட்டை மெதுவாக்குங்கள், சூட்டை ஏற்றாதீர்கள். வெளியே வரும் பீஸை ஃபேன் காற்றில் முழுசாக ஆறவிட்டு அப்புறம் அடுக்குங்கள்.

இனி பார்ட்டியிடம் பேச வேண்டியது டிசைன். ஷேடு வேண்டாம், தட்டையான கலர் போதும். கோடு எதுவும் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு கலருக்கும் இன்னொரு கலருக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டு மெரூன் துணியையே பார்டராகத் தெரியவிடுங்கள். மஞ்சள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது. கறுப்பு அவுட்லைனே தேவைப்படாது, நாலு கலர் மூன்றாகிவிடும். ஸ்பான்சர் பெயர் பெரிதாக வேண்டுமென்றால் தனி வரியாக வரட்டும், இல்லையென்றால் இடுப்புப் பட்டிக்குக் கீழே ஒரு லேபிளாகத் தைத்துக்கொள்ளட்டும். வாயால் சொல்லாதீர்கள். பழைய புலியையும் புதுப் புலியையும் அதே துணியில் அடித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

டிடிஎஃப்-க்கே போய்விடலாமா

சில வேலைகளுக்கு நல்லதுதான். ஷேடு, பொடி எழுத்து எல்லாம் அச்சு அசலாக வரும், குறைந்த எண்ணிக்கைக்கு ஸ்கிரீன் செலவே இல்லை. ஆனால் நெட்டில் அந்த ஃபிலிம் ஓட்டைகளின் மேல் பாலம் போட்ட மாதிரி மூடி நிற்கும். காற்று போகாது. ஒட்டுவதற்கு நூலின் மேல்பரப்பு மட்டும்தான் கிடைக்கிறது, ஆகவே ஓரம் உரிய வாய்ப்பு அதிகம். அழுத்தும்போது பசை ஓட்டை வழியே உள் அடுக்கிலும் பிடிக்கும், அங்கேயும் நடுவில் ஷீட் வைத்தாக வேண்டும். மெரூன் சாயம் அதன் வெள்ளையையும் விட்டுவைக்காது, அதன் பசைப் பவுடரும் பிளாக்கர் உள்ளதாக இருக்க வேண்டும். பெரிய சின்னத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மார்பில் போடுகிற மாதிரி சின்ன லோகோவுக்குச் சரி.

சப்ளிமேஷன் இந்த ஆர்டருக்கு உதவாது. வெள்ளையோ இளநிறமோ உள்ள பாலியஸ்டரில்தான் அது தெரியும், மெரூன் மேல் மஞ்சள் காட்டாது. ஆனால் அடுத்த முறை பார்ட்டி துணி வாங்குவதற்கு முன்பே உங்களிடம் கேட்டால், வெள்ளை நெட் வாங்கி கட்டிங் பீஸிலேயே மெரூன் உட்பட எல்லாவற்றையும் சப்ளிமேஷனில் அடித்துவிடலாம் என்று சொல்லுங்கள். ஸ்கிரீன் பிரிண்ட்தான் என்றாலும், தைத்த ஷார்ட்ஸ் வாங்காமல் கட்டிங் பீஸாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் துணி, எலாஸ்டிக் கிடையாது, உள் அடுக்கு கிடையாது. இன்றைக்கு நீங்கள் படும் பாட்டில் பாதி தையலுக்குப் பின் அடித்ததால் வந்தது.

அந்த 36,000 ரூபாய்

நான் பிரிண்டிங் ஆள், வக்கீல் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் டெபிட் நோட்டுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

தவறு உங்கள் பக்கம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். அடுத்தவர் பொருளை வேலைக்கு வாங்கினால் நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முழு விலையும் உங்கள் தலையில் என்பது தானாக வந்துவிடாது. 73-ஆம் பிரிவுப்படி நஷ்டஈடு என்பது தவறால் இயல்பாக வந்த நஷ்டத்துக்குத்தான். அந்த நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரோஸ் ஆன 110 பீஸும் போட்டு விளையாட முடியாதவை இல்லை. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், செகண்ட்ஸாக, அதாவது குறையுள்ள சரக்காக விற்கலாம். ஒட்டிய நாற்பதுதான் உண்மையில் சேதம். முழு விலையையும் பிடிப்பதானால் அந்த 150 ஷார்ட்ஸும் உங்களுக்கு வந்தாக வேண்டும் என்று கேளுங்கள். சாம்பிளை ஓகே செய்தது அவர், தைத்த பிறகு கொண்டுவந்தது அவர், ஷேடு வேண்டும் என்று நின்றதும் அவர். 600 பீஸுக்கும் சேர்த்து உங்கள் கூலியே 19,200 ரூபாய்தான் என்பதையும் சொல்லுங்கள்.

என் யோசனை இது: 150-க்கான கூலி 4,800-ஐ விட்டுக்கொடுங்கள். ஒட்டிய நாற்பதில் தேறாதவற்றுக்குத் துணி, தையல் அசல் விலையைப் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். மீதி 450-ஐ மேலே சொன்ன முறையில், புது டிசைனில், அதே கூலிக்கு முடித்துக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிவிடுங்கள்.

கூலி வரும்வரை 450 பீஸையும் கொடுக்க மாட்டேன் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்லச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்தவர் கூலிக்காகப் பொருளை வைத்துக்கொள்ள 170-ஆம் பிரிவில் உரிமை உண்டு. ஆனால் அது உழைப்பைச் செலுத்தி முடித்த பொருளுக்கு. நீங்கள் இன்னும் தொடாத பீஸுக்கு அதைச் சொல்லாதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிந்த சிறு தொழிலுக்கு எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுக்கக் கூடாது. குறை இருந்தால் பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் பார்ட்டி நாலாம் நாளே எழுதிவிட்டார், ஆகவே இந்தத் தகராறில் அது உங்களுக்குக் கைகொடுக்காது. மூன்று மாதம் கழித்து “அன்றைக்குக் கொடுத்தது சரியில்லை” என்று கூலியைப் பிடிக்கும் அடுத்த பார்ட்டிக்கு உதவும்.

அந்த நாற்பது பீஸ்

கத்தரியோ பிளேடோ வைக்காதீர்கள், நெட் நூல் ஒன்று அறுந்தால் ஓடிவிடும். ஒட்டிய இடத்தில் லேசாகச் சூடு காட்டினால் மை இளகும், அப்போது இரண்டு துணியையும் நிதானமாகப் பிரியுங்கள். உள் அடுக்கில் புள்ளி புள்ளியாக மை நிற்கும், அது வெளியே தெரியாது. ஒரு பீஸில் முயன்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். சூடு அதிகமானால் ரோஸ் இன்னும் ஏறும். கறை எடுக்கும் ஸ்பிரே கன்னை மெரூனில் அடித்தால் வளையமாகத் தடம் விழும் அபாயம் இருக்கிறது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று நாள். புது பேஸ், புது மை, புது டிசைன், நடுவில் பலகை என்று மூன்று பீஸ் அடியுங்கள். ஒன்றை ஆறவிட்டுத் தனியாகத் தொங்கவிடுங்கள். ஒன்றைச் சூடாகவே மற்ற மெரூன் துணிகளுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றிவிடுங்கள். மூன்றாவதை மறுநாள் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவையுங்கள். மூன்றாம் நாள் வெயில் வெளிச்சத்தில், மையை டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைத் தாளில் தடவி, மூன்று பீஸையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரத்தில் இருந்த பீஸும் வெள்ளையாகவே இருந்தால் பார்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டி, அந்தப் பீஸின் மேலேயே தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மீதியை ஆரம்பியுங்கள்.